சீனாவுக்கு நைட் ஃப்ளைட்டா? டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசு டாக்ஸியில் போகாமல் இருக்க ஒரு கணக்கு



முதலில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிடறேன். ஆபீஸ் வேலையா ஷாங்காய் போக வேண்டியிருந்தது. ஒரு ஃப்ளைட் சாயங்காலம் 5 மணிக்கு இறங்குது. இன்னொன்று ராத்திரி 11.40க்கு இறங்குது. ராத்திரி ஃப்ளைட் 3,000 ரூபாய் கம்மி. "3,000 மிச்சம்டா" என்று சந்தோஷமா புக் பண்ணிட்டேன்.

இமிகிரேஷன், பெட்டி எல்லாம் முடிச்சு வெளியே வரும்போது மணி 1. மெட்ரோ மூடியாச்சு. கூகுள் மேப் திறக்கல. வாட்ஸ்அப் போகல. கார்டு எந்த ஆப்பிலும் சேர்க்கல. அப்போ ஒருத்தர் சிரிச்ச முகத்தோட "டாக்ஸி, டாக்ஸி" என்று பக்கத்தில் வந்தார். 500 யுவான் கேட்டார், பேரம் பேசி 450க்குப் போனேன். பேரம் பேசினதில் எனக்கு ஒரு பெருமை வேற!

கணக்குக்காக 1 யுவான் = 12.50 ரூபாய் என்று வச்சுக்குவோம். 450 யுவான் என்றால் 5,625 ரூபாய். சாயங்காலம் இறங்கியிருந்தா மெட்ரோவில் 7 யுவான், அதாவது 90 ரூபாயில் ஊருக்குள்ள போயிருப்பேன். 3,000 மிச்சம் பிடிக்கப் போய், கையிலிருந்து 2,500 ரூபாய்க்கு மேல் கூடுதலா போச்சு.

அன்னைக்கு நான் கத்துக்கிட்ட பாடம் இதுதான்: ஏர்போர்ட்டிலிருந்து ஹோட்டலுக்குப் போற செலவு, ஏர்போர்ட்டில் முடிவாகிறது இல்லை. நீங்க டிக்கெட் புக் பண்ற நிமிஷத்திலேயே முடிவாகிடுது.

முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க

டிக்கெட்டின் உண்மையான விலை = டிக்கெட் விலை + இறங்கின நேரத்தில் ஹோட்டல் போய்ச் சேர ஆகும் செலவு.

ஷாங்காயின் புடோங் ஏர்போர்ட், ஊரின் மையத்தில் இருக்கிற மக்கள் சதுக்கத்திலிருந்து சாலை வழியா சுமார் 45 கிலோமீட்டர். மீட்டர் டாக்ஸியில் பகலில் ஏறக்குறைய 170 யுவான் வரும். ஷாங்காயில் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை 30% கூடுதல் கட்டணம். அப்போ அதே தூரம் சுமார் 220 யுவான், அதாவது 2,750 ரூபாய்.

இப்போ என்னோட டிக்கெட்டை இதில் வச்சுப் பாருங்க. நான் யார்கிட்டயும் ஏமாறாம, நேர்மையான மீட்டர் டாக்ஸியில் போயிருந்தா கூட, மெட்ரோவை விட 2,660 ரூபாய் அதிகம். டிக்கெட்டில் மிச்சம் 3,000. ஆக, உண்மையான மிச்சம் வெறும் 340 ரூபாய்! அதுக்காகத் தூக்கத்தைக் கெடுத்து, தெரியாத ஊரில் நள்ளிரவில் நிக்கணுமா?

ஆனா இதே பயணத்தை ரெண்டு பேரா போனா கதை மாறும். டாக்ஸி ஆளுக்கு 1,375 தான். மெட்ரோ காசைக் கழிச்சுப் பார்த்தா ஆளுக்கு 1,700 ரூபாய்க்கு மேல் மிச்சம். அப்போ நைட் ஃப்ளைட் லாபம்தான். அதனால "நைட் ஃப்ளைட்டே எடுக்காதீங்க" என்று சொல்ல மாட்டேன். கணக்குப் போட்டு எடுங்க என்றுதான் சொல்றேன்.

இன்னொரு விஷயம். டிக்கெட்டில் இருக்கிறது விமானம் தரையிறங்கும் நேரம். நீங்க வெளியே வர ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். 9.45க்கு இறங்கினா "மெட்ரோ இருக்கும்" என்று நம்பாதீங்க. ஷாங்காய், பெய்ஜிங், குவாங்சோ மூணு ஊரிலும் ஏர்போர்ட் ரயில்கள் ராத்திரி சுமார் 10 மணியிலிருந்து 11 மணிக்குள்ள கடைசி வண்டியை அனுப்பிடும். ஷாங்காயின் மேக்லெவ் ரயில் அதுக்கும் முன்னாடியே முடிஞ்சிடும். என்னோட விதி: ராத்திரி 8.30க்கு மேல் இறங்கற ஃப்ளைட் என்றால் டாக்ஸி காசைச் சேர்த்துத்தான் விலையை ஒப்பிடுவேன்.

அதிகாலை 4 மணி ஃப்ளைட்: இங்கே காத்திருப்பதுதான் லாபம்

2025 அக்டோபர் கடைசியில் இந்தியா - சீனா நேரடி விமானங்கள் மறுபடி ஆரம்பிச்சது. முதலில் வந்தது கொல்கத்தா - குவாங்சோ ஃப்ளைட். அது ராத்திரி கிளம்பி, குவாங்சோவில் அதிகாலை 4 மணி வாக்கில் இறங்குற மாதிரி அட்டவணையோட ஆரம்பிச்சது. கேன்டன் கண்காட்சிக்குப் போற நம்ம ஆளுங்க நிறைய பேர் போற ஊர் இது.

4 மணிக்கு இறங்கினா, வெளியே வர 5 தாண்டிடும். மெட்ரோ காலை 6 மணி வாக்கில் ஓட ஆரம்பிக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காக டாக்ஸி பிடிக்காதீங்க. முகம் கழுவி, ஒரு டீ குடிச்சு உட்காருங்க. எப்படியும் ஹோட்டலில் மதியம் 2 மணிக்கு முன்னாடி ரூம் தர மாட்டாங்க. சீக்கிரம் போய் லாபியில் தூங்கி வழியறதுக்கு நூறு யுவானுக்கு மேல் எதுக்குக் கொடுக்கணும்?

நடு ராத்திரி 12, 1 மணிக்கு இறங்கினா இந்த யோசனை சரிப்படாது. ஐந்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துட்டு மறுநாள் மீட்டிங்கில் தூங்கினா அதுவும் நஷ்டம்தான். அந்த நேரத்துக்கு நாலு வழி இருக்கு.

நள்ளிரவில் இறங்கினால் நாலு வழிகள்

1. நைட் பஸ்: புடோங்கில் ராத்திரி 11 மணிக்கு மேல் ஊருக்குள்ள போற இரவு நேர ஏர்போர்ட் பஸ் இருக்கு. பெய்ஜிங் கேபிட்டல் ஏர்போர்ட்டிலும் இருக்கு. செலவு டாக்ஸியில் சின்னப் பங்குதான். ஆனா பஸ் உங்க ஹோட்டல் வாசலில் நிக்காது. இறங்கின இடத்திலிருந்து ஒரு குட்டி டாக்ஸி பிடிக்கணும். ஒரே ஒரு பை, தனி ஆள் என்றால் நல்ல வழி.

2. வரிசையில் நிக்கற மீட்டர் டாக்ஸி: டெர்மினல் வாசலில் "டாக்ஸி" என்று போர்டு போட்ட வரிசை இருக்கும், ஊழியர் ஒருத்தர் வண்டியைக் கை காட்டுவார். அதுதான் சரியான இடம். உள்ளே வந்து உங்களைத் தேடிப் பிடிக்கறவர் சரியான ஆள் இல்லை. ஏறினதும் மீட்டர் போட்டாங்களா பாருங்க. பெய்ஜிங்கில் இரவு கூடுதல் கட்டணம் 20%, அதுவும் 11 மணி முதல் 5 மணி வரை. இறங்கும்போது பில் கேளுங்க. சீனாவில் அதை "ஃபாபியாவ்" என்பாங்க. ஆபீஸில் செலவைத் திரும்ப வாங்கவும், வண்டியில் எதையாவது விட்டுட்டா தேடவும் அது வேணும். என்கிட்ட 450 வாங்கினவர் ஒரு துண்டுச் சீட்டு கூடத் தரல. ஆபீஸில் ஒரு ரூபாய் கூட எனக்குத் திரும்பி வரல.

3. டிடி ஆப்: நம்ம ஊர் ஓலா, ஊபர் மாதிரி அங்கே டிடி. ஆங்கிலத்தில் இருக்கு. அலிபே ஆப்புக்குள்ளேயே திறக்கலாம். ஏறும் முன்னாடியே தொகை தெரியும். டிரைவரோட சாட் பண்ணினா மொழிபெயர்த்துக் காட்டும். ஏர்போர்ட்டில் டிடி கார் ஏறும் இடம் பெரும்பாலும் பார்க்கிங் கட்டடத்துக்குள்ள இருக்கும், அதனால ஆப் காட்டும் மாடி, கதவு எண்ணைப் பார்த்து அங்கே போய் நின்ன பிறகு புக் பண்ணுங்க.

4. முன்பதிவு செய்த கார்: பயண ஆப்களில் முன்கூட்டியே கார் புக் பண்ணலாம். பெயர்ப் பலகையோட நிப்பாங்க. பெரும்பாலும் டாக்ஸியை விட விலை அதிகம். ஆனா அம்மா, அப்பாவோட போறீங்க, குழந்தை இருக்கு, மூணு பெட்டி இருக்கு, முதல் தடவை தனியா போறீங்க என்றால் இந்தக் கூடுதல் காசு வீண் செலவு இல்லை. புக் பண்ணும்போது ரெண்டு விஷயம் பாருங்க: ஃப்ளைட் தாமதமானா எவ்வளவு நேரம் இலவசமா காத்திருப்பாங்க? இரவுக் கட்டணம் விலைக்குள்ள அடங்குமா?

பாதுகாப்பையும் கணக்கில் சேருங்க

2018இல் டிடியின் "ஹிட்ச்" என்கிற கார் பகிர்வு சேவையில் பயணம் செய்த இரண்டு பெண்கள் கொல்லப்பட்டாங்க. நாடே கொதிச்சுது. அந்தச் சேவை நிறுத்தப்பட்டது, பல மாற்றங்களுக்குப் பிறகு 2019 நவம்பரில்தான் மறுபடி வந்தது. அதே 2018 செப்டம்பரில் ஒரு வாரம் ராத்திரி 11 முதல் 5 மணி வரை டிடி சேவையையே நிறுத்தி வச்சாங்க. அதுக்கப்புறம்தான் அவசர பட்டன், பயணத்தைப் பகிர்தல், ஒலிப்பதிவு மாதிரியான வசதிகளைப் பலப்படுத்தினாங்க.

அதனால நள்ளிரவில் சில யுவான் மிச்சம் பிடிக்கக் கார் பகிர்வு வேண்டாம், வழக்கமான எக்ஸ்பிரஸ் கார் எடுங்க. நம்பர் பிளேட் ஆப்பில் இருக்கற மாதிரியே இருக்கா என்று பார்த்து ஏறுங்க. பயண விவரத்தை வீட்டுக்கு அனுப்புங்க. சீன நேரம் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னாடி. அங்கே நள்ளிரவு 12 என்றால் இங்கே 9.30 தான், அம்மா முழிச்சுத்தான் இருப்பாங்க. போலீஸ் எண் 110.

கிளம்பும் முன்னாடி வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

* கார்டு: 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புது கார்டுகள் இந்தியாவுக்குள்ள மட்டும்தான் வேலை செய்யும் நிலையில் வரும். பேங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்கதான் ஆன் பண்ணணும். யுபிஐயை நம்பிப் போகாதீங்க.

* அலிபே அல்லது வீசாட் பே: விசா, மாஸ்டர்கார்டு இரண்டையும் சேர்க்கலாம். பாஸ்போர்ட் விவரம் கேட்கும், ஓடிபி வரும். இதை இந்தியாவிலேயே முடிங்க. நள்ளிரவில் ஓடிபிக்காக ஏர்போர்ட்டில் நிக்கற கஷ்டம் யாருக்கும் வேண்டாம்.

* கட்டணம்: ஒரு பரிவர்த்தனை 200 யுவானுக்கு மேல் போனா, வெளிநாட்டு கார்டுக்கு இந்த ஆப்கள் 3% எடுக்கும். 200க்குள்ள என்றால் இல்லை. இதுக்கு மேல உங்க பேங்க் கரன்சி மார்க்அப் தனி. 3.5% மார்க்அப், அதுக்கு 18% ஜிஎஸ்டி என்றால் மொத்தம் 4.13%. 2,750 ரூபாய் டாக்ஸிக்கு இதுவே சுமார் 114 ரூபாய். மார்க்அப் குறைவான கார்டு இருந்தா அதைச் சேருங்க.

* ரொக்கம்: 300 முதல் 500 யுவான் சில்லறை நோட்டா வச்சுக்குங்க. போன் சார்ஜ் போனா இதுதான் உங்க இன்சூரன்ஸ்.

* நெட்: கூகுள், வாட்ஸ்அப் சீனாவில் தடை. ஏர்போர்ட் வைஃபையிலும் திறக்காது. இந்திய சிம்மின் ரோமிங் அல்லது பயண இ-சிம் என்றால் பொதுவா வேலை செய்யும். ஓடிபிக்காக இந்திய நம்பரும் உயிரோட இருக்கணும்.

* ஹோட்டல் முகவரி: சீன எழுத்தில், போன் நம்பரோட ஸ்கிரீன்ஷாட். ஆங்கிலத்தில் மட்டும் இருந்தா டிரைவருக்குப் புரியாம போக வாய்ப்பு அதிகம்.

* ஹோட்டல் தேதி: இதில்தான் நிறைய பேர் தவறுவாங்க. 12ஆம் தேதி நள்ளிரவு 12.30க்கு இறங்கறீங்க என்றால் ரூம் 11ஆம் தேதியிலிருந்து புக் ஆகியிருக்கணும். 12 என்று போட்டா, மதியம் வரை உங்களுக்கு ரூம் இல்லை. தாமதமா வருவேன் என்று ஹோட்டலுக்கு முன்னாடியே மெசேஜ் போடுங்க, இல்லைன்னா வரல என்று நினைச்சு ரூமை வேற யாருக்காவது கொடுத்துடலாம்.

* வருகைப் படிவம்: 2025 நவம்பர் 20 முதல் சீனா இதை ஆன்லைனில் நிரப்ப விடுது. முன்னாடியே நிரப்பிட்டா, ஏர்போர்ட்டில் பேனா தேடற நேரம் மிச்சம்.

கடைசியா ஒரு வார்த்தை

மாசம் 40,000, 50,000 சம்பளம் வாங்கி, ஒரு வருஷம் சேர்த்து வச்சு ஒரு வெளிநாட்டுப் பயணம் போறோம். அதில் 5,000 ரூபாயை முதல் ராத்திரியே விட்டா, மீதி நாள் முழுக்க அந்த எரிச்சல் இருக்கும். நான் மறுநாள் ஷாங்காயில் என்ன பார்த்தேன் என்று இப்போ சரியா ஞாபகம் இல்லை. அந்த 450 யுவான் மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.

அடுத்த தடவை டிக்கெட் ஆப்பில் விலை குறைவா ஒரு ராத்திரி ஃப்ளைட் தெரிஞ்சா, உடனே "புக்" அழுத்தாதீங்க. இறங்கும் நேரத்தோட ஒன்றரை மணி நேரம் கூட்டுங்க, டாக்ஸி காசைச் சேருங்க, எத்தனை பேர் போறீங்களோ அத்தனையால் வகுங்க. அப்புறமும் மிச்சம் வந்தா, தைரியமா புக் பண்ணுங்க. நல்லபடியா போயிட்டு வாங்க!