நோயாளியைக் காண வருவோர் பூக்கள் கொண்டுவரலாமா?

படவேடு ரேணுகாம்பாள் கோயிலின் பிரசாதப் பூவையோ, பூக்கடையில் சொல்லி அனுப்பிய பூங்கொத்தையோ நோயாளியின் படுக்கையருகே வைக்க உறவினர் விரும்புவது இயல்பே. பொது வார்டில் உள்ள பெரும்பாலோருக்கு இவற்றால் தீங்கில்லை.

எனினும், பூச்சாடியில் தேங்கிய நீரில் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் விரைவில் பெருகும். தொட்டிச் செடியின் மண்ணில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் நுண்வித்துகள் இருக்கும். நலமான உடல் இவற்றை எளிதில் வென்றுவிடும். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்வோருக்கும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோருக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியிருப்பதால், அதே கிருமி நுரையீரலையோ குருதியையோ தாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். இத்தகையோர் தங்கும் பகுதியில் பூக்களையும் செடிகளையும் அனுமதிக்கலாகாது என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2003ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் ஆகும். தீவிர சிகிச்சைப் பிரிவிலும் தீக்காயப் பிரிவிலும் பூக்களைத் தவிர்த்தல் நன்று. ஆஸ்துமா உள்ளவர்க்கு மல்லிகையின் அடர்ந்த மணமே மூச்சிரைப்பைத் தூண்டலாம்.

பிற வார்டுகளில் கவனிக்க வேண்டியவை:

• செவிலியரிடம் கேட்ட பின்னரே பூக்களை உள்ளே கொண்டுவருக.
• சாடி நீரை 2 நாள்களுக்கு ஒருமுறை மாற்றுக. கை கழுவும் தொட்டியில் ஊற்றற்க.
• பூவைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே நோயாளியைத் தொடுக.
• வாடிய பூக்களை உடனே அகற்றுக.

பூ வைக்க இயலாத நோயாளிக்காகப் பெற்ற பிரசாதப் பூவை வீட்டுப் பூசையறையில் வைத்து வேண்டிக்கொள்ளலாம். அன்பு அதனால் குறைவதில்லை.