தயமின் குறைபாடும் மூளைப் பாதிப்பும்

மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆயினும் ஓய்விலிருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 விழுக்காடு அதற்கே செல்கிறது. இவ்வாற்றல் பெரும்பாலும் குளுக்கோஸிலிருந்து கிடைக்கிறது. குளுக்கோஸை ஆற்றலாக மாற்றும் முக்கிய நொதிகள், தயமின் எனப்படும் வைட்டமின் பி1 இன்றிச் செயற்படுவதில்லை. ஆகவே இரத்தத்தில் சர்க்கரை போதிய அளவு இருந்தும் மூளை பட்டினி கிடக்கக்கூடும்.

உடலில் தயமின் இருப்பு சுமார் 30 மில்லிகிராம் மட்டுமே. உணவு நின்றுபோனால் அது சில வாரங்களில் தீர்ந்துவிடும். அதன்பின் மூளைச் செல்களில் ஆற்றல் குன்றி, லாக்டிக் அமிலம் தேங்கும். நினைவைப் பதிக்கும் பகுதிகளும், கண்ணசைவையும் நடையையும் ஆளும் பகுதிகளும் முதலில் பாதிக்கப்படும்.

இது குடிப்பவர்களுக்கு மட்டுமே வரும் நோய் என்பது தவறான எண்ணம். 1881ஆம் ஆண்டு கார்ல் வெர்னிக்கே இந்நோயை விவரித்தபோது, அவர் கண்ட மூவரில் ஒருவர் கந்தக அமிலம் குடித்துவிட்டுத் தொடர்ந்து வாந்தியெடுத்த இளம் தையற்காரப் பெண். இன்றும் கருவுற்ற காலத்தில் வாரக்கணக்கில் நீடிக்கும் கடும் வாந்தி, உடல் பருமனுக்கான இரைப்பை அறுவை சிகிச்சை, புற்றுநோய், நீண்ட பட்டினி ஆகியவற்றாலும் இது ஏற்படுகிறது.

எவற்றைக் கவனிக்க வேண்டும்?

மனக்குழப்பம், கண்கள் தாமாக ஊசலாடுதல் அல்லது பார்வை இரட்டையாகத் தெரிதல், தள்ளாட்டம் ஆகியன இதன் அறிகுறிகள். மூன்றும் ஒருங்கே தோன்றுவது சிலரிடம் மட்டுமே. குழப்பம் மட்டும் இருந்தால் அதைக் களைப்பு என்றோ போதை என்றோ கருதிவிடுவது எளிது. மேற்கூறிய நிலையில் உள்ளவரிடம் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்று நாம் நம்புகிறோம். தயமின் இல்லாத உடலில், எஞ்சியிருக்கும் சிறிதளவையும் அந்தக் குளுக்கோஸ் செலவழித்துவிடக்கூடும். எனவே நோயாளி எத்தனை நாள் சரிவர உண்ணவில்லை, எவ்வளவு வாந்தியெடுத்தார், மது அருந்துபவரா என்பதை மருத்துவரிடம் முதலிலேயே மறைக்காமல் சொல்லுங்கள். அவர் தயமினை ஊசி வழியே செலுத்துவார். (சர்க்கரை குறைந்து மயங்கியவருக்குக் குளுக்கோஸைத் தாமதிக்கலாகாது; தயமினை அதனுடனேயே கொடுப்பர்.)

சிகிச்சை தொடங்கினால் கண்ணசைவு சில மணி நேரத்திலோ நாள்களிலோ சீராகலாம். நடை மெல்லத் தேறும். தாமதமானால் நினைவிழப்பு நிலைத்துவிடக்கூடும். அத்தகையோர் நடவாததை நடந்ததாகக் கூறுவதுண்டு. அது பொய்யன்று, நினைவில் விழுந்த இடைவெளியை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

வீடு திரும்பியபின் மருத்துவர் குறித்த காலம்வரை மாத்திரையைத் தொடர வேண்டும். உணவில் பருப்பு, பயறு, நிலக்கடலை இடம்பெறட்டும். நன்கு தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசி மேலானது. நெல்லைப் புழுக்கும்போது தயமின் அரிசியின் உட்பகுதிக்குச் சென்றுவிடுவதால், தீட்டும்போது அது முழுவதும் இழக்கப்படுவதில்லை.