பழைய பட்டை எடைக்குப் போடாதீங்க... ஸ்டைலா போடலாம்!

அக்காவோட யூனிஃபார்ம் தங்கச்சிக்கு, பெரியப்பா பையன் சட்டை நமக்கு... செகண்ட் ஹேண்ட் டிரெஸ்ஸே போட்டதில்லைனு சொல்ற ஆளை நம்ம ஊர்ல தேடித்தான் பிடிக்கணும். அப்போ அதுக்குப் பேர் சிக்கனம். இப்போ இன்ஸ்டாவுல அதே விஷயத்துக்குப் பேர் 'த்ரிஃப்ட்'!

டெல்லி ரகுபீர் நகர்ல விடியறதுக்கு முன்னாடியே பழைய துணிச் சந்தை கூடிடும். வீடு வீடா பாத்திரம் கொடுத்துட்டு வாங்கின துணிகள் அங்கேதான் கைமாறும். நம்ம திருப்பூர் காதர்பேட்டையில கிடைக்கிறது வேற ரகம். அது எக்ஸ்போர்ட்ல மிஞ்சின சரக்கு, யாரும் போட்டுப் பழசானது இல்ல. ஆனா, காஞ்சிபுரத்துல, குறிப்பா ஏனாத்தூர் யுனிவர்சிட்டிக்கு தினமும் பஸ் ஏறுறவங்களுக்கு, இவ்வளவு தூரம் அலைய வேண்டியதே இல்ல. இங்கே செகண்ட் ஹேண்ட்னாலே பழைய பட்டுதான். பாட்டி பீரோவுல, அத்தை வீட்டுப் பரண்ல அது சும்மா தூங்கிக்கிட்டு இருக்கும்.

சிக்கல் என்னன்னா, அதுக்கு ஏற்கெனவே ஒரு போட்டியாளர் இருக்கார். 'பழைய பட்டுப் புடவைகள் வாங்கப்படும்'னு போர்டு வெச்சிருக்கிறவர்!

அவருக்கு ஏன் அந்தப் புடவை மேல அவ்வளவு ஆசை? அசல் ஜரிகைங்கிறது பட்டு நூல் மேல மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுத்தி, அதுக்குத் தங்க முலாம் பூசினது. வாங்குறவர் கணக்கு போடுறது அந்த வெள்ளிக்கு மட்டும்தான். மயில்கழுத்து கலர், யானை, அன்னம், ருத்ராட்சக் கரை, ஒரு நெசவாளர் குடும்பம் நாள்கணக்கா தறியில உட்கார்ந்த உழைப்பு... இதுக்கெல்லாம் மதிப்பு பூஜ்யம். ஜரிகையில இருக்கிற வெள்ளியைப் பிரிச்செடுக்க துணியை எரிச்சிடுவாங்க. வெள்ளி விலை ஏற ஏற, பீரோ காலியாகுற வேகமும் ஏறும்.

பணக் கஷ்டத்துக்கு விக்கிறவங்களை யாரும் குறை சொல்ல முடியாது. அது அவங்க சொத்து, ஆபத்துக்கு உதவத்தான் இருக்கு. ஆனா 'யார் கட்டப் போறா, இடத்தை அடைச்சுக்கிட்டு'ங்கிற ஒரே காரணத்துக்காகப் போடுறாங்கன்னா, அந்த 'யார்' நீங்களா இருக்கலாமே! பழைய டிசைன்கள் புதுசா பிறக்கிறதே பழைய புடவைகளைப் பார்த்துத்தான். கலாக்ஷேத்ராவை 1936-ல் ஆரம்பிச்ச ருக்மிணி தேவி அருண்டேல், அப்படிப் பழைய கரைகளையும் கலர்களையும் தேடி எடுத்து நெய்ய வெச்சதாலதான் இன்னிக்கு 'கலாக்ஷேத்ரா புடவை'னு ஒரு ரகமே இருக்கு. எரிஞ்சு போன புடவையில இருந்து எதையும் காப்பி எடுக்க முடியாது.

இன்னொரு வேடிக்கை. ஜரிகையை உள்முனையில லேசா சுரண்டிப் பாருங்க. சிவப்பு நூல் தெரிஞ்சா பெரும்பாலும் அசல். இல்லைன்னா 'டெஸ்டட்' ஜரிகையா இருக்கலாம். கடைக்காரர் அதைத் திருப்பிக் கொடுத்துடுவார். போடுறதுக்கு நமக்கு ரெண்டும் ஒண்ணுதான்!

வெட்டுறதுக்கு முன்னாடி

முதல்ல வீட்ல பெரியவங்ககிட்ட கேளுங்க. முகூர்த்தப் புடவை மேல கத்திரி வைக்கவே வேணாம், அதை அப்படியே கட்டுங்க.

மத்ததை வெளிச்சத்துக்கு நேரா விரிச்சுப் பிடிச்சுப் பாருங்க. வருஷக்கணக்கா ஒரே மடிப்புல இருந்த பட்டு, அந்த மடிப்புலதான் முதல்ல விடும். ஆன்லைன்ல வாங்குறீங்கன்னா, விக்கிறவர்கிட்ட இதே மாதிரி வெளிச்சத்துல பிடிச்ச போட்டோவைக் கண்டிப்பா கேட்டு வாங்குங்க. முந்தியை மட்டும் அழகா விரிச்சுப் போட்ட போட்டோவை நம்பாதீங்க.

கீழ்க் கரை குதிகால்லயும் தரையிலயும் உரசி உரசித் தேய்ஞ்சிருக்கும். மேல் கரை இடுப்புல செருகிப் பத்திரமா இருந்தது. அதனால கரை எடுக்கணும்னா மேல் கரையை எடுங்க. காஞ்சிப் பட்டுல உடலும் கரையும் 'கோர்வை'யா, தனித்தனி நாடா ஓட்டிப் பின்னிப் பிணைச்சு நெய்யறதால அந்த இணைப்பு அவ்வளவு உறுதி. சரியா அந்த இணைப்புலயே வெட்டினா நூல் பிரிஞ்சிடும். ஒரு இன்ச் உடல் துணியையும் சேர்த்து வெட்டச் சொல்லுங்க.

எதோட எது?

ஒரே ஒரு ரூல்தான். பட்டு பேசும்போது மத்ததெல்லாம் வாயை மூடிக்கணும். அரக்குக்குப் பச்சை, மஞ்சளுக்கு ஊதானு கான்ட்ராஸ்ட் புடவையிலயே இருக்கு. அதுக்கு மேல பிரின்ட் போட்ட டாப் போட்டா கல்யாண வீட்டு வாசல் தோரணம் மாதிரி ஆகிடும்!

மேல் கரையைத் தனியா எடுத்து வெள்ளை காட்டன் குர்தாவோட கை முனையில, கீழ் விளிம்புல வெச்சுத் தைக்கலாம். இதுதான் இருக்கிறதுலயே செலவு கம்மி. புடவையோட உடல் திடமா இருந்தா, காட்டன் லைனிங் கொடுத்து, நிறைய சுருக்கம் வெச்ச பாவாடை. அதுக்கு மேல அப்பாவோட பழைய வெள்ளைச் சட்டையை இடுப்புல முடிச்சு போட்டுக்கோங்க. கல்ச்சுரல்ஸ்க்கு இது போதும். ஒன்பது கஜம் கிடைச்சா ஜாக்பாட். பாவாடைக்கு எடுத்தது போக துப்பட்டாவுக்கும் மிஞ்சும். ஆனா டைட்டான பிளவுஸ் மட்டும் பழைய பட்டுல வேணாம். ரெண்டாவது தடவை கையைத் தூக்கும்போது அக்குள்ல பிரிஞ்சிடும்.

பசங்களுக்கும் உண்டு. தாத்தாவோட அங்கவஸ்திரத்தை பிளெயின் குர்தா மேல ஒரு பக்கமா போட்டுப் பாருங்க. பழைய கட்டம் போட்ட சட்டை தோள்ல சரியா இருந்தா போதும். நீளத்தையும் பக்கவாட்டையும் டெய்லர் சரி பண்ணிடுவார். தோளே பெருசா இருந்தா, பட்டனைக் கழட்டிவிட்டு டி-ஷர்ட் மேல ஓவர்சைஸா போட்டுக்கோங்க.

வேற வீட்டுக் காட்டன் துணின்னா சோப் போட்டு வெந்நீர்ல ஊறவெச்சு வெயில்ல காயப்போடுங்க. பட்டுக்கு வெந்நீரும் ஆகாது, நேர் வெயிலும் ஆகாது. டிரை வாஷ்தான். அந்துருண்டை வாசனை போக ரெண்டு நாள் நிழல்ல, காத்தாட தொங்கவிடுங்க. அப்புறம் பழைய காட்டன் வேட்டியில சுத்தி வெச்சு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாத்திடுங்க.