மெயின் ஷோவுக்கு முன்னாடி 20 நிமிஷம்: அந்தப் பணத்துக்கு வரி யார் தலையில?



நீங்க செஞ்சியில இருக்கீங்கன்னு வச்சுக்குவோம். சென்னை கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை, வருஷச் சம்பளம் 11.5 லட்சம். சனி ஞாயிறு ஆனா நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து கே-பாப் டான்ஸ் பிராக்டிஸ். சென்னையில பெரிய கான்சர்ட்டுக்கு முன்னாடி 20 நிமிஷம் ஆடிக் கூட்டத்தைச் சூடேத்தக் கூப்பிடுறாங்க.

இந்த "ஓப்பனிங் ஆக்ட்" நம்ம ஊருக்குப் புதுசில்ல. செஞ்சிப் பக்கம் தெருக்கூத்து பார்த்தவங்களுக்குத் தெரியும், ராஜா வேஷம் வர்றதுக்கு முன்னாடி கட்டியங்காரன்தான் வருவான். 2024 மார்ச்ல மும்பையில எட் ஷீரனுக்கு முன்னாடி பிரதீக் குஹாட் பாடினதும், 2025 ஜனவரியில கோல்ட்ப்ளேவுக்கு முன்னாடி ஜஸ்லீன் ராயல் பாடினதும் அதே வேலைதான். அவங்க ரேஞ்சுக்குக் கணக்கு பார்க்க ஆள் இருக்கும். உங்க டீம்ல இருக்கிறது உங்க பான் கார்டு மட்டும்தான். சிக்கல் அங்கதான் ஆரம்பிக்குது.

அந்த வருஷம் ஒரே ஈவென்ட் கம்பெனிக்கு சில ஷோ பண்ணீங்க, மொத்தம் 1,60,000 ரூபாய். "யாராவது ஒருத்தர் பில் கொடுங்க"ன்னு அவங்க கேட்க, நீங்க கொடுத்துட்டீங்க. ப்ரொஃபஷனல் ஃபீஸ்னு எடுத்து 10% டிடிஎஸ், அதாவது 16,000 பிடிச்சுக்கிட்டு 1,44,000 போட்டாங்க. நீங்க நேர்மையா மத்த மூணு பேருக்கும் தலா 40,000 ஜிபேல அனுப்பிட்டீங்க. கையில மிச்சம் 24,000.

வருமான வரித்துறை கண்ணுக்கு என்ன தெரியும்? ஏஐஎஸ்ஸைத் திறந்து பாருங்க, 1,60,000 முழுசும் உங்க பேர்ல இருக்கும்.

இப்போ கணக்கு. 2025-26 நிதியாண்டு, புதிய வரிமுறை. சம்பளம் 11.5 லட்சத்துல ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 போனா 10.75 லட்சம். அதோட 1.6 லட்சம் சேர்ந்தா 12.35 லட்சம். 12 லட்சம் வரைக்கும்தான் வரி ஜீரோ, நீங்க கோட்டைத் தாண்டிட்டீங்க. ஸ்லாப்படி 65,250 வரணும். மார்ஜினல் ரிலீஃப் இருக்கறதால 12 லட்சத்துக்கு மேல போன 35,000 மட்டும் வரி. 4% செஸ் சேர்த்து 36,400. டிடிஎஸ் கழிச்சா இன்னும் 20,400 கட்டணும். அது 10,000-ஐத் தாண்டுது, அதனால அட்வான்ஸ் டேக்ஸ் கட்டலைன்னு வட்டியும் வரும். கையில இருந்த 24,000-ல மிஞ்சுறது 3,600. அதுவும் வட்டிக்கு முன்னாடி! டிரஸ், மேக்கப், செஞ்சி டு சென்னை கார் வாடகை இதெல்லாம் தனி.

இதையே ஒழுங்கா காட்டினா? 1.6 லட்சம் வரவு, மூணு பேருக்குக் கொடுத்த 1.2 லட்சம் செலவு, உங்க பங்கு 40,000. மொத்த வருமானம் 11.15 லட்சம், வரி ஜீரோ, 16,000 ரீஃபண்ட். ஆதாரம் மட்டும் இருக்கணும். பேங்க் வழியா போன பணம், ஒவ்வொருத்தரும் கொடுத்த ஒரு பக்க பில். கேஷா கொடுத்துட்டு "நாங்க ஃப்ரெண்ட்ஸ் சார்"னு சொன்னா நோட்டீஸுக்குப் பதில் ஆகாது.

இதை விட ஈஸி, ஆரம்பத்துலயே நாலு பேரும் தனித்தனியா பில் கொடுக்கறது. ஒருத்தருக்கு 40,000-தான், வருஷத்துக்கு 50,000 தாண்டலைன்னா இந்த டிடிஎஸ்ஸே வராது. "அக்கவுண்ட்ஸ்ல கஷ்டம்"னு ஈவென்ட் கம்பெனி இழுக்கும். கேட்டு வாங்குங்க, இது அவங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலை.

ரிட்டர்ன் போடும்போது சம்பளக்காரங்க வழக்கமா போடுற ஐடிஆர்-1 இங்க ஆகாது. 50% செலவுன்னு போட்டு ஐடிஆர்-4-ல முடிச்சிடலாம்னு சில பேர் சொல்வாங்க. அந்தச் சலுகைக்கான தொழில் பட்டியல்ல சினிமா கலைஞர் இருக்காங்க, மேடைக் கலைஞர்னு நேரடியா இல்லை. நானா இருந்தா ஐடிஆர்-3-ல உண்மையான வரவு செலவைத்தான் போடுவேன்.

பழைய வரிமுறையில இருக்கறவங்க கூடுதலா கவனிங்க. சம்பளம் மட்டும்னா வருஷா வருஷம் மாத்திக்கலாம். தொழில் வருமானம் வந்துட்டா, பழசுல இருந்து புதுசுக்கு ஒரு தடவை திரும்பினா திரும்பினதுதான்.

ஜிஎஸ்டி பயம் வேண்டாம், சேவை வருமானம் வருஷம் 20 லட்சம் தாண்டினாதான் ரிஜிஸ்ட்ரேஷன். ஆனா ஒரு வேடிக்கை இருக்கு. கிராமியக் கலை, செவ்வியல் கலைக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 1,50,000 வரை ஜிஎஸ்டி விலக்கு. நம்ம கட்டியங்காரனுக்கு அது உண்டு, கே-பாப் ஆடுற உங்களுக்கு இல்லை.

கம்பெனி ஆஃபர் லெட்டர்ல வெளிவேலை பத்தின ஷரத்தையும் ஒரு தடவை படிச்சிடுங்க, ஹெச்ஆர்கிட்ட மெயில்லயே அனுமதி வாங்கிடுங்க.

நாளைக்கே சிங்கப்பூர்ல ஒரு ஷோ கிடைச்சா? அங்க வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு மொத்தத் தொகையில 15% பிடிச்சிடுவாங்க. இங்கயும் அந்த வருமானத்தைக் காட்டணும், அங்க கட்டின வரிக்கு இங்க கிரெடிட் கேட்கலாம். அதுக்கு அந்த ஊர் வரிச் சான்று வேணும். ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடியே ஆர்கனைசர்கிட்ட சொல்லி வச்சிடுங்க.