பண்ணைக் கொட்டகைகளின் கூரைப் பாரம்

திருவண்ணாமலைப் பகுதியில் நெல்லும் மணிலாவும் பயிரிடும் குடியானவர்களுக்கு மாட்டுக் கொட்டகையும் தானியக் கிடங்கும் இன்றியமையாதவை. இவற்றைக் கட்டுவோர் சுவரின் கனத்தையும் செலவையும் பற்றி ஆலோசிக்கும் அளவிற்கு, கூரை தாங்கவேண்டிய பாரத்தைப் பற்றி ஆலோசிப்பதில்லை. கூரை கெடுமாயின் கால்நடைகளும் ஒரு போகத்து விளைவும் ஒரே இரவில் கெடும். ஆகையால் இவ்விஷயம் கவனிக்கத்தக்கதாகும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 875ஆம் எண் விதித்தொகுதி கூரைப் பாரங்களை வகுத்துக் கூறுகின்றது. அவற்றுள் மூன்று, பண்ணைக் கட்டடங்களுக்கு முக்கியமானவை.

முதலாவது, கூரையின் சொந்தப் பாரம். ஒரு சதுர மீட்டருக்குத் தகரம் சுமார் 5 கிலோவும், சட்டங்களோடு கூடிய மங்களூர் ஓடு சுமார் 65 கிலோவும், 10 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளம் சுமார் 250 கிலோவும் இருக்கும்.

இரண்டாவது, ஆட்களாலும் பொருள்களாலும் ஏறும் பாரம். பழுதுபார்க்க மட்டும் ஏறும் கூரை, 10 பாகை வரை சரிவுள்ளதாயின், சதுர மீட்டருக்குச் சுமார் 75 கிலோ தாங்கவேண்டும். சரிவு மிகுந்தால் இவ்வளவு படிப்படியாகக் குறையும். எனினும் 40 கிலோவிற்குக் கீழே செல்லலாகாது. படிக்கட்டு வைத்துப் புழங்கும் மட்டத்தளம் 150 கிலோ தாங்குமாறு அமைக்கப்பட வேண்டும். இவ்விடத்தே எச்சரிக்கை தேவை. நெல் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 600 கிலோ நிறையுள்ளது. மாடியில் உலர்த்தும் நெல்லை மழைக்கு அஞ்சிக் குவிக்கும்போது, 25 சென்டிமீட்டர் உயரத்திலேயே மேற்சொன்ன அளவு எட்டிவிடும். ஒரு மீட்டர் உயரக் குவியலின் நடுவில் பாரம் நான்கு மடங்காகும்.

மழைநீரும் அத்தகையதே. நீர்வழி அடைபட்டு 10 சென்டிமீட்டர் நீர் தேங்கினால் சதுர மீட்டருக்கு 100 கிலோ ஏறும். 2024 நவம்பர் 30ஆம் தேதி புதுச்சேரி அருகே கரைகடந்த பெஞ்சல் புயலை யாவரும் அறிவர். கடற்கரைக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருந்தும், திருவண்ணாமலையில் பெய்த கனமழையால் மறுநாள் மலைச்சரிவு ஏற்பட்டு ஏழு உயிர்கள் மாண்டன. கடல் தூரமென்று அலட்சியமாயிருத்தல் தகாது.

மூன்றாவது, காற்று. முன்னிரண்டும் கூரையைக் கீழே அழுத்துவன; காற்றோ பெரும்பாலும் அதனை மேலே தூக்குவது. பக்கம் திறந்த கொட்டகையில் உட்புகும் காற்றும் அதனோடு சேரும். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும். கணக்கிற்காக நொடிக்கு 40 மீட்டர் வேகம் என்று கொண்டால், அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 98 கிலோ. அதில் பாதியே மேல்நோக்கித் தூக்கினும், 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமுமுள்ள கூரையை ஏறக்குறைய 2,900 கிலோ விசை பெயர்க்க முயலும். தகரமும் சட்டங்களும் சதுர மீட்டருக்கு 15 கிலோ வீதம் 900 கிலோவே ஆகும். எஞ்சிய 2,000 கிலோவைப் பத்துக் கால்கள் பிடித்து நிறுத்தவேண்டும். காலொன்றுக்கு 200 கிலோ. ஒவ்வொரு காலின் அடியிலும் 45 சென்டிமீட்டர் சதுரமும் அதே ஆழமுமுள்ள கான்கிரீட் கட்டை இவ்விசைக்கு ஈடாகும். காப்பிற்கென இதற்கு மேலும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

குடியிருப்பல்லாத பண்ணைக் கட்டடத்திற்கு 25 ஆண்டு ஆயுளும், சாதாரண வீட்டிற்கு 50 ஆண்டும் விதியில் கொள்ளப்படுகின்றன. இதனால் கணக்கிடும் காற்று வேகத்தில் கிடைக்கும் சலுகை நூற்றுக்குப் பத்தளவே. ஆதலால் கொட்டகைதானே என்று கட்டுமானத்தைத் தளர்த்துதல் கூடாது.

தகரம் சட்டத்தோடும், சட்டம் கைமரத்தோடும், கைமரம் காலோடும், கால் அடித்தளத்தோடும் தொடர்ந்து பிணைக்கப்பட வேண்டும். இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் மற்றவை பயன்படா. ஆணியைக் காட்டிலும் கொக்கி போல்ட்டு நலம். கூரையின் ஓரத்திலும் முகட்டிலும் மூலைகளிலும் காற்றின் இழுப்பு மிகுதியாதலால் அங்கே போல்ட்டுகளை நெருக்கமாக முடுக்கவேண்டும். ஓட்டுக் கூரையை மாற்றித் தகரம் வேய்வோர், பாரம் குறைந்ததென்று மகிழ்வதோடு நில்லாமல், பிணைப்பை அதிகப்படுத்துதல் அவசியம்.

ஐப்பசி பிறக்குமுன் போல்ட்டுகளை முடுக்கி, நீர்வழிகளைச் சுத்தம் செய்து, துருவேறிய தகரங்களை மாற்றிவிடுவது உத்தமம். புதிதாகக் கட்டுவோர் தங்கள் ஊருக்குரிய காற்று வேகத்தைப் பொறியாளரிடம் கேட்டறிந்த பின்னரே கால் நாட்டவேண்டும். கிராம அதிகாரிகளும் இவற்றைக் குடிகளுக்கு எடுத்துரைப்பார்களாயின், புயற்காலத்தில் நேரும் நஷ்டம் பெரிதும் குறையும்.