சிறிய பெட்டியின் பாரம்

நிலையத்துக்கு வெளியே நடைபெறும் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பச் செல்லும் மோட்டார் வண்டிகளின் நெருக்கடியான உட்புறத்திலே, பேச்சுக் குரலின் தரத்தைப் பொறியாளர் காதால் நிதானித்து அறிய வேண்டுமென்ற ஒரே நோக்கத்துடன், பி.பி.சி. நிறுவனத்தார் 1970-களின் முற்பகுதியில் உருவாக்கிய சிறிய மானிட்டர் ஸ்பீக்கருக்கு எல்எஸ் 3/5ஏ என்று பெயர். உயரம் 30 சென்டிமீட்டர், அகலம் 19. உள்ளே அடைபட்ட காற்று ஏறக்குறைய 5 லிட்டர். இத்தனை அற்பமான பெட்டி மனிதக் குரலை அத்தனை இயல்பாக எழுப்பியதனால், அது வண்டியை விட்டிறங்கிச் சங்கீத ரசிகர்களின் வீடுகளில் குடியேறிவிட்டது. 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைச் சற்றே மேடாக்கி, அதற்குக் கீழே இல்லாத பாஸ் இருப்பதாகச் செவிக்கு ஒரு பிரமையை உண்டாக்கும் யுக்தியும் அதில் உண்டு. குரலுக்கு இது போதும். 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் டபுள் பாஸ் வாத்தியத்துக்குப் போதாது.

ஒலியின் உரப்புக் குறையாமல் சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமானால், ஸ்பீக்கரின் கூம்பு அசையும் தூரம் நான்கு மடங்காக வேண்டும் என்பது பௌதிக விதி. 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசைந்த கூம்பு, 40-இல் நான்கும் 20-இல் பதினாறும் அசைந்தாக வேண்டும். சிறிய கூம்புக்கு அது சாத்தியமில்லை. ஸ்பீக்கர் தயாரித்த கே.எல்.ஹெச். கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரும், பியானோ மேதை ஹாஃப்மனின் புதல்வருமான ஜோசப் அந்தோன் ஹாஃப்மன், சிறிய பெட்டி, ஆழ்ந்த பாஸ், குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒலி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெறலாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தார்.

தாழ்ந்த ஸ்வரங்களை மட்டும் ஒலிக்கும் சப்வூஃபர் என்ற தனிப் பெட்டியைப் பாஸைக் கூட்டித் தரும் சாதனமென்றே பலரும் கருதுகிறார்கள். அதன் மேலான உபகாரம் சிறிய ஸ்பீக்கரின் பாரத்தை இறக்கிவைப்பதே என்பது என் அபிப்பிராயம். ஆட்டுக்கல்லைச் சுமந்துகொண்டே ஆலாபனை செய்யும்படி ஒரு வித்வானைப் பணித்தால் குரல் எப்படி இருக்குமோ, அப்படித்தான் தாழ்ந்த ஸ்வரங்களுக்காகத் தத்தளிக்கும் கூம்பிலிருந்து அதே கணத்தில் எழும் பாட்டும் கலங்கிப்போகிறது. ஆகவே சப்வூஃபரை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே நிறுத்துவது பாதிக் காரியம்தான். அந்த எல்லைக்குக் கீழ்ப்பட்டதைச் சிறிய ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுப்பதே மீதிப் பாதி. சிக்கனத்துக்காகவோ சோம்பலாலோ இந்த இரண்டாவது பாதியைக் கைவிடுகிறவர்கள் ஏராளம்.

சப்வூஃபரும் சிறிய ஸ்பீக்கரும் சந்திக்கும் எல்லையில் தையல் தெரியாதிருக்க, லிங்க்விட்ஸ், ரைலி என்ற இரு பொறியாளர்கள் 1976-இல் வகுத்த வடிகட்டி முறை இன்றும் கைகொடுக்கிறது. தையலைப் பரிசோதிக்க எளிய உபாயம் ஒன்று உண்டு: 80 ஹெர்ட்ஸ் நாதத்தை ஒலிக்கவிட்டு, சப்வூஃபரின் துருவத்தை வேண்டுமென்றே தலைகீழாக மாற்றி, ஒலி மிகமிகத் தேய்ந்துபோகும்வரை தாமதத்தைத் திருத்திவிட்டு, பிறகு துருவத்தைப் பழையபடி திருப்பிவிட வேண்டும். ஒன்றையொன்று முற்றிலும் அழிக்க வல்லவை, திருப்பியதும் முற்றிலும் ஒத்துழைக்கும்.

இத்தனைக்கும் பிறகு குறுக்கே நிற்பது அறை. 4.3 மீட்டர் நீளமுள்ள அறையில் 40 ஹெர்ட்ஸ் அலையின் பாதி நீளம் சுவருக்குச் சுவர் சரியாகப் பொருந்திவிடுவதால், சுவரோரத்தில் அந்த ஸ்வரம் முழங்குகிறது. நட்டநடுவே உட்கார்ந்தவருக்கோ ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. முழங்குகிற மேட்டை ஈக்வலைசரால் தாராளமாகச் செதுக்கலாம். செதுக்கினால் அதன் நீண்ட ரீங்காரமும் அடங்கும். பள்ளத்தை நிரப்பப் புறப்படுவதுதான் விபரீதம். 10 டெசிபல் கூட்டுவதற்குப் பத்து மடங்கு சக்தி செலவாகும். ஆனால் கூட்டிய அளவுக்குச் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரலையும் வலுத்துப் பள்ளம் பள்ளமாகவே நிற்கும், ஆம்ப்ளிஃபயர் மட்டும் திணறும். ஆகையால் முதலில் இடம், பிறகு ஈக்வலைசர். நாற்காலியில் சப்வூஃபரை உட்காரவைத்து, கேட்பவர் சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து, பாஸ் சமமாகக் கேட்கும் மூலையைக் கண்டுபிடித்து அங்கே பெட்டியை மாற்றிவிடும் முறை, பார்ப்பதற்கு வேடிக்கையானாலும் சாஸ்திரத்துக்கு ஒத்தது. ஒலிக்குமிடமும் கேட்குமிடமும் தம்முள் இடம் மாறினாலும் அறை விளைவிக்கும் பலன் மாறுவதில்லை.

பணமும் வீட்டாரின் சம்மதமும் வாய்க்குமாயின், பெரிய சப்வூஃபர் ஒன்றைவிடச் சிறியவை இரண்டை எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைப்பது உத்தமம். ஒரு சுவரிலுள்ளது அந்த 40 ஹெர்ட்ஸ் அதிர்வைத் தூண்டும் கணத்தில் மற்றது அதற்கு நேரெதிராகத் தூண்டுவதால், ஈக்வலைசர் செதுக்க வேண்டிய மேடு எழும்பாமலே போகிறது.