சிடி19-ஐத் தேடிப் போன செல்கள்

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் லுகேமியா எனப்படும் ரத்தப் புற்றுநோய்தான் அதிகம். அதில் பெரும்பாலும் காணப்படும் ஏ.எல்.எல். வகை, கீமோதெரபிக்கு நன்றாகவே கட்டுப்படும். ஒருமுறை அடங்கிய நோய் திரும்பிவிட்டால்தான் சிக்கல். மருந்துக்குத் தப்பிய செல்களே மறுபடி பெருகுவதால் பழைய மருந்துகள் எடுபடுவது கடினம்.

எமிலி ஒயிட்ஹெட் என்ற சிறுமிக்கு அது இரண்டு முறை திரும்பியது. 2012 ஏப்ரலில், 6 வயதில், பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் அவளுக்கு ஒரு சோதனைச் சிகிச்சை தொடங்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கார்ல் ஜூனின் குழு உருவாக்கிய கார்-டி செல் முறை அது. அதைப் பெற்ற முதல் குழந்தை எமிலி. அவளுடைய ரத்தத்திலிருந்தே, நோயை எதிர்க்கும் டி செல்களைப் பிரித்தெடுத்து, நோய் உண்டாக்க முடியாதபடி முடக்கிய எச்.ஐ.வி. வைரஸ் மூலம் அவற்றுக்குள் ஒரு புதிய மரபணுவைச் செலுத்தினார்கள். லுகேமியா செல்களின் மேற்பரப்பில் சிடி19 என்ற புரதம் இருக்கிறது. அந்த மரபணுவால், அதை அடையாளம் கண்டு தாக்கும் திறன் டி செல்களுக்கு வந்துவிடும். நல்ல பி செல்களிலும் இதே புரதம் உண்டு என்பதால் அவையும் சேர்ந்தே அழியும். இம்யூனோகுளோபுலின் ஏற்றி அந்த இழப்பைச் சமாளிக்கலாம்.

சிகிச்சையின் பக்கவிளைவாக, சில நாட்களில் எமிலிக்குக் கடும் காய்ச்சல். ரத்த அழுத்தம் சரிந்தது, வென்டிலேட்டர் வைக்க வேண்டியதாயிற்று. ரத்தப் பரிசோதனையில், அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 என்ற புரதம் மிக அதிகமாக ஏறியிருந்தது. அதைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மூட்டுவாத மருந்தை ஜூன் அறிந்திருந்தார். அவருடைய மகளுக்கே மூட்டுவாதம் இருந்தது. மருத்துவர் ஸ்டீபன் குரூப்பின் குழு அதைக் கொடுத்ததும் நிலைமை வேகமாக மாறியது. எமிலி தன் 7-வது பிறந்தநாளன்று கண் விழித்தாள். நோய் பிறகு திரும்பவில்லை.

சோதனையின் பெரிய லாபம் இந்த இடத்தில்தான் கிடைத்தது என்று சொல்லத் தோன்றுகிறது. புற்றுநோயை அழிக்கும் வழியோடு, அந்தப் போரில் குழந்தையைக் காப்பாற்றும் வழியும் தெரிந்தது. 2017 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தச் சிகிச்சையை அங்கீகரித்தபோது, இந்தப் பக்கவிளைவுக்கு டோசிலிசுமாபையும் சேர்த்தே அங்கீகரித்தது.

எமிலியைப் பற்றிய 2013-ஆம் ஆண்டு ஆய்வுக்கட்டுரையில் இன்னொரு குழந்தையும் உண்டு. அக்குழந்தைக்கும் நோய் முழுவதும் மறைந்தது. ஏறக்குறைய இரண்டே மாதத்தில் திரும்பியது. இம்முறை வந்த செல்களில் சிடி19 இல்லை. தேடிப் போன டி செல்களுக்கு அடையாளமே கிடைக்கவில்லை.

பின்னர் 11 நாடுகளில் நடந்த எலியானா சோதனையில் 75 பேர் இச்சிகிச்சையைப் பெற்றார்கள். மூன்று மாதங்களுக்குள் 81 சதவீதம் பேருக்கு நோய் மறைந்தது. ஆனால் சிலருக்கு அது மீண்டும் வந்தது. அவர்களில் பலருடைய செல்களில் சிடி19 காணாமல் போயிருந்தது. அதனால் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தார் சிடி22 என்ற வேறொரு புரதத்தைக் குறிவைத்துப் பார்த்தார்கள். சிடி19 சிகிச்சை கைவிட்டவர்களிலும் பலருக்கு அது பலன் தந்தது. அங்கும் சில செல்கள் சிடி22-ஐக் குறைத்துக்கொண்டு தப்பின. இரண்டு புரதங்களையும் ஒரே நேரத்தில் தேடும் டி செல்களையும் இப்போது சோதித்து வருகிறார்கள்.